ஓய்வுபெற்ற நடுத்தொலைவு ஓட்டக்காரரின் அரை மாரத்தான் நேரத்தை மதிப்பிடுதல்

அரை மாரத்தான் என்பது 21.0975 கிலோமீட்டர் தொலைவு கொண்ட சாலை ஓட்டம் ஆகும். இராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய்த் திரும்பினால் ஏறத்தாழ இந்தத் தொலைவு வரும். 800 மீட்டர், 1500 மீட்டர் ஓட்டங்கள் நடுத்தொலைவு ஓட்டங்கள் எனப்படுகின்றன. 3000 மீட்டர் ஸ்டீபிள்சேஸையும் இவற்றோடு சேர்ப்பதுண்டு.

கல்லூரிக் காலத்தில் நடுத்தொலைவு ஓடிப் பதக்கம் வாங்கி, விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வேயிலோ காவல்துறையிலோ வேலைக்குச் சேர்ந்து, பின்னர் பல ஆண்டுகள் ஓட்டத்தையே விட்டுவிட்டவர்கள் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களிலும் இருக்கிறார்கள். நாற்பது வயதை ஒட்டி அவர்களில் ஒருவர் அரை மாரத்தான் ஒன்றில் பெரிய தயாரிப்பு இல்லாமல் கலந்துகொண்டு 1 மணி 38 நிமிடத்தில் முடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பழைய சகாக்களுக்கு அது ஏமாற்றமாகத் தெரிகிறது, புதிதாக ஓட வந்தவர்களுக்கோ வியப்பாக இருக்கிறது. இரு தரப்பினரும் தவறான அளவுகோலைக் கையில் வைத்திருக்கிறார்கள். இதில் பாதிக்கப்படுபவர் ஓடியவர்தான். பழைய பெயருக்கு ஈடுகொடுக்க அடுத்த ஓட்டத்தில் வேகத்தைக் கூட்டி, குதிகால் தசைநாரையோ கெண்டைக்கால் தசையையோ கெடுத்துக்கொண்டு மறுபடியும் ஓட்டத்தை விட்டுவிடுவது அடிக்கடி நடப்பதே.

சூத்திரமும் அதன் எல்லையும்

ஒரு தொலைவில் ஓடிய நேரத்தைக் கொண்டு வேறொரு தொலைவின் நேரத்தைக் கணிக்க, அமெரிக்கப் பொறியாளர் பீட்டர் ரீகல் 1977இல் வெளியிட்ட சூத்திரம் உலகெங்கும் பயன்படுகிறது. புதிய தொலைவைப் பழைய தொலைவால் வகுத்து, வரும் எண்ணை 1.06 என்ற அடுக்குக்கு உயர்த்தி, அதைப் பழைய நேரத்தால் பெருக்க வேண்டும். தொலைவு இரு மடங்கானால் நேரம் இரு மடங்கைவிடச் சற்றுக் கூடும் என்பதே இதன் சாரம். இணையத்தில் கிடைக்கும் நேரக் கணிப்பான்களில் பல இதையே பயன்படுத்துகின்றன.

800 மீட்டர் ஓட்டக்காரரின் நேரத்தை இதில் இட்டால் விடை நகைப்புக்கு இடமாகிறது. 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் இந்தியாவின் ஸ்ரீராம் சிங் 800 மீட்டரை 1:45.77இல் ஓடி ஏழாவதாக வந்தார். 2018இல் ஜின்சன் ஜான்சன் 1:45.65 ஓடும்வரை, 42 ஆண்டுகள் அது தேசியச் சாதனையாக இருந்தது. அந்த நேரத்துக்குச் சூத்திரம் தரும் அரை மாரத்தான் நேரம் 56 நிமிடம் 34 வினாடி. எத்தியோப்பியாவின் யோமிஃப் கெஜெல்சா 2024 அக்டோபரில் வலென்சியாவில் ஓடி உலகச் சாதனையாகப் பதிவான நேரமே 57:30தான்.

பெண்களுக்கும் இதே கதிதான். பி.டி. உஷாவின் மாணவி டின்டு லூக்கா 2010இல் 800 மீட்டரை 1:59.17இல் ஓடினார். சூத்திரப்படி அவர் அரை மாரத்தானை 63:44இல் ஓட வேண்டும். புதுக்கோட்டை மாவட்டத்தைச் சேர்ந்த எல். சூரியா, 5000, 10,000 மீட்டர் ஓட்டங்களில் தேர்ந்தவர். 2017 டெல்லி அரை மாரத்தானில் இந்தியப் பெண்களில் முதலாவதாக வந்தபோது அவர் எடுத்துக்கொண்ட நேரம் 1:10:31. நெடுந்தொலைவுக்கென்றே பயிற்சி பெற்ற ஒருவரை, இரண்டு சுற்று ஓடும் ஒருவர் ஏழு நிமிடத்துக்கு அருகில் முந்துவார் என்று சொல்லும் கணக்கை எந்தப் பயிற்சியாளரும் ஏற்கமாட்டார்.

ரீகலின் மீதும் குற்றம் இல்லை. ஏறத்தாழ மூன்றரை நிமிடத்திலிருந்து நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு வரை நீடிக்கும் ஓட்டங்களுக்கே அவர் இதை அமைத்தார். 800 மீட்டர் அந்த வரம்புக்கு வெளியே உள்ளது. 1500 மீட்டர் அதன் விளிம்பில் நிற்கிறது. எனவே 800 மீட்டர் நேரத்தைக் கொண்டு ஒருவரின் அரை மாரத்தானை எடைபோடுவதை அடியோடு விட்டுவிடலாம்.

வேறுபாடு எங்கிருந்து வருகிறது

800 மீட்டர் ஓட்டத்துக்குத் தேவையான ஆற்றலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆக்சிஜனைச் சாராத வழியில் கிடைக்கிறது. 1500 மீட்டரில் அந்தப் பங்கு ஏறத்தாழ ஐந்தில் ஒன்றாகக் குறைகிறது. அரை மாரத்தானில் அது கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. அங்கே தீர்மானிப்பவை மூன்று: ஒருவர் நிமிடத்துக்கு எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியும், அதில் எத்தனை விழுக்காட்டை ஒரு மணி நேரத்துக்கு மேல் தாக்குப்பிடிக்க முடியும், ஒரு கிலோமீட்டர் ஓட எவ்வளவு ஆக்சிஜனைச் செலவிடுகிறார். நடுத்தொலைவுக்காரருக்கு முதலாவது பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், மூன்றாவதும் மோசமில்லை. இரண்டாவதில்தான் அவர் பின்தங்குகிறார். அது வாரம் தவறாத நீண்ட ஓட்டங்களால் மட்டுமே வருவது. இரண்டு சுற்றுக்காரர்களில் பலர் அந்த ஓட்டங்களை ஓடியதே இல்லை.

இந்த வேறுபாட்டை அளக்க நல்ல சான்று ஒன்று உண்டு. பின்னாளில் மாஸ்கோ ஒலிம்பிக்கில் 800 மீட்டர் தங்கம் வென்ற பிரிட்டனின் ஸ்டீவ் ஓவெட், 1977இல் டார்ட்ஃபோர்டு அரை மாரத்தானில் தனித் தயாரிப்பு எதுவும் இல்லாமல் கலந்துகொண்டு 65:38இல் முடித்தார். அதே ஆண்டு அவர் 1500 மீட்டரை 3:34.45இல் ஓடியிருந்தார். ரீகல் அடுக்குப்படி அந்த நேரத்துக்குரிய அரை மாரத்தான் 58:55. அவர் ஓடியதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டால் அடுக்கு 1.06 அல்ல, 1.10 என்று வருகிறது. ஓவெட் அப்போது உச்சத்தில் இருந்தவர், குளிர்காலங்களில் குறுக்குநாட்டு ஓட்டம் ஓடிப் பழகியவர். அப்படிப்பட்டவருக்கே கணிப்பைவிட ஏறத்தாழ ஏழு நிமிடம் கூடுதலாகியது. ஒரே ஒரு சான்றை வைத்துப் பொதுவிதி எழுத முடியாதுதான். ஆயினும் 1500 மீட்டர்க்காரருக்கு 1.06ஐவிட 1.10 நியாயமான தொடக்கப் புள்ளி.

நடுத்தொலைவிலிருந்து சாலைக்கு முழுமையாக மாறிப் பல ஆண்டுகள் பயிற்சி பெற்றவர்களின் நிலை வேறு. 1500 மீட்டரை 3:28.81இல் ஓடிய மோ ஃபாரா 2015இல் லிஸ்பனில் 59:32 ஓடினார். அவருக்கு அடுக்கு 1.07. முன்பு சொன்ன கெஜெல்சா 2019இல் பாஸ்டன் உள்ளரங்கில் ஒரு மைலை 3:47.01இல் ஓடியவர். அவருடைய அடுக்கு 1.06க்கும் சற்றுக் கீழே. இந்தியாவில் ஸ்டீபிள்சேஸ் வீரர் அவினாஷ் சாப்ளே 2020 நவம்பரில் டெல்லியில் 1:00:30 ஓடித் தேசியச் சாதனை படைத்தார். இவர்களைக் காட்டி ஓய்வுபெற்ற ஒருவரைக் குறைசொல்வது பொருந்தாது. இவர்கள் யாரும் ஓட்டத்தை நிறுத்தியவர்கள் அல்லர்.

ஓய்வும் வயதும்

பயிற்சியை நிறுத்தினால் திறன் எவ்வளவு விரைவில் குறையும் என்பதை எட்வர்ட் காயில் குழுவினர் 1984இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. நன்கு பயிற்சி பெற்றவர்களின் உச்ச ஆக்சிஜன் நுகர்வு முதல் மூன்று வாரங்களில் 7 விழுக்காடு குறைந்து, எட்டு வாரங்களில் 16 விழுக்காடு குறைந்த நிலையில் நின்றது. தசைகளில் பெருகியிருந்த நுண்குழாய்களோ அந்தக் காலத்தில் அப்படியே இருந்தன. அது சில மாதங்களின் கதை. பதினைந்து ஆண்டுகள் என்றால் வயதும் சேர்ந்துகொள்கிறது, உடல் எடையும் சேர்ந்துகொள்கிறது. நீண்ட காலம் தங்குவது ஓடும் பாங்கும், வேகத்தை உள்ளுணர்வால் அறியும் பழக்கமும், வலியோடு கொஞ்ச நேரம் ஓடும் மனமும்தான். மூன்றாவது, திரும்பி வருபவருக்குச் சில நேரம் பகையாகிவிடுகிறது.

ஓய்வுக்குப் பிந்தைய ஓட்டத்துக்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு கெல்லி ஹோம்ஸ். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் 800, 1500 இரண்டிலும் தங்கம் வென்ற அவர் அடுத்த ஆண்டு ஓய்வு பெற்றார். 2016 லண்டன் மாரத்தானை, 46 வயதில், 3:11:27இல் முடித்தார். அது முழு மாரத்தான். அரை மாரத்தானாக மாற்றினால் ஏறத்தாழ 1 மணி 32 நிமிடம். ஏதென்ஸில் அவர் 1500 மீட்டர் ஓடிய 3:57.90ஐ 1.10 அடுக்கில் இட்டால் 1:12:39 வருகிறது. ஒலிம்பிக் தங்கம் வென்றவருக்கே பன்னிரண்டு ஆண்டில் பத்தொன்பது நிமிட இடைவெளி. மாநில அளவில் ஓடியவரிடம் இதைவிடச் சிறிய இடைவெளியை எதிர்பார்ப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை பார்க்கலாம்.

வயதைக் கணக்கில் கொள்ள உலக மூத்தோர் தடகள அமைப்பின் வயதுத் தர அட்டவணைகள் உள்ளன. ஒருவரின் வயதுக்கும் பாலினத்துக்கும் உரிய உச்ச நேரத்தில் அவர் எத்தனை விழுக்காட்டை எட்டினார் என்று இவை சொல்கின்றன. வழக்கமாக 60 விழுக்காட்டை உள்ளூர்த் தரம் என்றும், 70ஐ வட்டாரத் தரம் என்றும், 80ஐ தேசியத் தரம் என்றும் கொள்வர். 42 வயது ஆணின் 1:38 இதில் 60ஐச் சற்றுத் தாண்டும்.

அன்றைய ஓட்டத்தைப் பார்த்தல்

மேலே சொன்ன 42 வயதுக்காரர் 22 வயதில் 1500 மீட்டரை 3:50இல் ஓடியவர் என்று கொண்டால், அவருக்கு ரீகல் தரும் நேரம் 1:03:11. 1.10 அடுக்கு தருவது 1:10:14. இரண்டுமே அவர் வாழ்நாளில் ஓடாத நேரங்கள். அவற்றோடு 1:38ஐ ஒப்பிடுவதில் பெரிய பயன் இல்லை. அவர் அண்மையில் 10 கிலோமீட்டரை 43 நிமிடத்தில் ஓடியிருந்தால் அதுவே நம்பத்தக்க அளவுகோல். அதிலிருந்து வரும் அரை மாரத்தான் நேரம் 1:34:52. பயிற்சிக் குறைவையும் நிதானத்தையும் சேர்த்துப் பார்த்தால் 1:38 சரியாகவே பொருந்துகிறது. இருபது ஆண்டுக்கு முந்தைய பதக்கத்தைவிட, போன மாத 10 கிலோமீட்டர் அதிகம் சொல்கிறது.

அடுத்துப் பார்க்க வேண்டியது ஐந்து ஐந்து கிலோமீட்டராகப் பிரித்த நேரங்கள். 1:38 என்பது கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 4 நிமிடம் 39 வினாடி. முதல் 5 கிலோமீட்டரும் கடைசி 5 கிலோமீட்டரும் 23 நிமிடத்தை ஒட்டியே இருந்து, ஓடும்போது பக்கத்தில் வருபவரிடம் ஓரிரு வாக்கியம் பேசவும் முடிந்திருந்தால், அவர் நிதானமாகத்தான் ஓடினார், கையிருப்பு மிச்சம் இருக்கிறது. முதல் ஐந்து 21 நிமிடமும் கடைசி ஐந்து 26 நிமிடமும் ஆகியிருந்தால், அவர் என்ன சொன்னாலும் அது நிதான ஓட்டம் அல்ல. நடுத்தொலைவுக்காரர்கள் சறுக்கும் விதமே இதுதான். தொடக்கத்தில் 4:10 வேகம் அவர்களுக்கு நடை போலத் தோன்றும், மூச்சு வாங்காது. பதினான்கு, பதினைந்தாம் கிலோமீட்டரில் மூச்சு நன்றாக இருக்கும்போதே தொடைகள் கனத்துவிடும். ஒரே 1:38 என்றாலும் இந்த இருவருக்கும் சொல்ல வேண்டிய ஆலோசனை நேர்மாறானது. முதலாமவர் அடுத்த முறை கொஞ்சம் வேகமாக ஓடலாம். இரண்டாமவர் முதலில் மெதுவாகத் தொடங்கக் கற்க வேண்டும்.

தட்பவெப்பமும் தூரமும் நேரத்தை மாற்றும். நீண்ட ஓட்டங்களுக்கு 10 டிகிரி செல்சியஸை ஒட்டிய குளிர் உகந்தது. தமிழ்நாட்டின் சமவெளியில் சனவரி விடியற்காலையிலும் வெப்பநிலை அதன் இரு மடங்கை ஒட்டியே இருக்கும், கடலோரத்தில் ஈரப்பதமும் சேரும். ஐரோப்பிய நகரில் ஓடிய நேரத்தோடு சென்னை நேரத்தை அப்படியே ஒப்பிடக் கூடாது. பாதை முறைப்படி அளக்கப்பட்டதா என்பதும் முக்கியம். சான்றளிக்கப்பட்ட பாதைகள், அளவு திருத்தப்பட்ட எண்ணி பொருத்திய சைக்கிளால் அளக்கப்படுகின்றன. குறைந்துவிடக் கூடாதென்று கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் கூட்டியே அமைப்பார்கள். கைக்கடிகார ஜிபிஎஸ் ஒரு விழுக்காடு தவறினாலும் 211 மீட்டர், அதாவது இந்த வேகத்தில் ஏறத்தாழ ஒரு நிமிடம். ஊர்ச்சாலையில் கடிகாரத்தை மட்டும் நம்பி ஓடிய நேரத்தை வினாடிக் கணக்கில் விவாதிப்பது வீண். கூட்டம் நிறைந்த ஓட்டங்களில் துப்பாக்கி வெடித்த நேரத்திலிருந்து அல்லாமல், தொடக்கக் கோட்டைக் கடந்த நேரத்திலிருந்து எண்ணும் சிப் நேரத்தையே எடுக்க வேண்டும்.

இந்த மதிப்பீட்டின்படி 42 வயதுக்காரரின் 1:38, சீரான ஓட்டமாக இருந்தால், ஆறு மாத ஒழுங்கான பயிற்சியில் 1:30ஐ நெருங்கக்கூடிய ஒருவரின் நேரம். அந்தப் பயிற்சியில் பெரும்பகுதி அவருக்குப் பழக்கமில்லாத வகையைச் சேர்ந்தது: வாரம் ஒரு நாள் 15 முதல் 18 கிலோமீட்டர் மெதுவான ஓட்டம், இன்னொரு நாள் சிரமம் தெரிந்தும் தாக்குப்பிடிக்கக்கூடிய வேகத்தில் இருபது முப்பது நிமிடம். அவர் ஆசையோடு திரும்பிப்போக விரும்பும் 400 மீட்டர் வேகச் சுற்றுகள் முதல் மூன்று மாதங்களுக்கு வேண்டியதில்லை. இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் தேறிவிடும், தசைநார்கள் அவ்வளவு விரைவில் தேறுவதில்லை. நீண்ட இடைவெளிக்குப் பின் நாற்பது வயதைக் கடந்து திரும்புபவர்கள், குறிப்பாகச் சர்க்கரை நோயோ இரத்த அழுத்தமோ உள்ளவர்கள், வேகம் கூட்டுவதற்கு முன் மருத்துவரிடம் இதயப் பரிசோதனை செய்துகொள்வது வழக்கமாகச் சொல்லப்படும் ஆலோசனை. ஓடும்போது நெஞ்சில் அழுத்தமோ மயக்கமோ வந்தால் அங்கேயே ஓட்டத்தை நிறுத்த வேண்டும்.