கடல் மட்டத்துக்குக் கீழே ஓடிய ஆறு

எண்ணூருக்கு வடமேற்கே, மீஞ்சூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிற்குச் சென்ற மாதம் ஒரு கடன் மனுவை விசாரிக்கச் சென்றிருந்தேன். மனுதாரர் நம் சங்கத்தின் பழைய அங்கத்தினர். அவருடைய ஆழ்துளைக் கிணற்றின் நீர் கரிக்கத் தொடங்கிவிட்டது. இன்னும் நாற்பது அடி இறக்கினால் நல்ல நீர் கிடைக்கும் என்பது அவர் நம்பிக்கை.

கிணறு இறக்கியபோது வெளிவந்த மண்ணை வரப்பின்மீது வரிசையாகக் குவித்து வைத்திருந்தார். முதலில் வண்டல், அடுத்துச் சிப்பி கலந்த கருங்களி, நூறு அடிக்குக் கீழே பருமணலும் வழவழப்பான கூழாங்கற்களும். "இது ஆற்றுக் கல் அல்லவா ஐயா? கடல் மட்டத்துக்கும் கீழே ஆறு எப்படி ஓடியிருக்கும்?" என்று வினவினார்.

நியாயமான கேள்வி. விடை பனியுகத்தில் இருக்கிறது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்னர் கனடாவும் வட ஐரோப்பாவும் ஒரு மைலுக்கும் மேல் தடித்த பனிக்கட்டியின் கீழ்க் கிடந்தன. அந்நீர் யாவும் கடலினின்று சென்றதே. ஆகவே உலகெங்கும் கடல் மட்டம் இன்றுள்ளதினும் ஏறக்குறைய 400 அடி தாழ்ந்திருந்தது. இராயபுரத்துக்கு எதிரே இன்று கப்பல்கள் நங்கூரமிட்டு நிற்கும் இடம் அன்று தரை! தாழ்ந்த கடலை நாடி ஆறுகள் ஆழப் பள்ளம் பறித்து ஓடின. பனி உருகிக் கடல் ஏறியபோது அப்பள்ளங்கள் மணலால் நிரம்பின. இவ்வாறு பனியுகங்கள் பலமுறை வந்து போயின. கடைசி ஏற்றம் ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முன் பெரும்பாலும் ஓய்ந்தது. சிப்பியும் களியும் அவ்வாறு மீண்டு வந்த கடலின் அடையாளம்.

நம் நாட்டில் அப்போது மழை எப்படி இருந்தது என்பதையும் சேறே சொல்லியிருக்கிறது. உதகமண்டலத்திற்கு அருகே சாண்டிநல்லாப் பள்ளத்தாக்கில், முற்றும் மக்காத தழைச்சேறு அடுக்கடுக்காகப் படிந்துள்ளது. அதனை ஆர். சுகுமார், ஆர். ரமேஷ் முதலிய விஞ்ஞானிகள் ஆராய்ந்து 1993-இல் 'நேச்சர்' சஞ்சிகையில் வெளியிட்டனர். முறை எளிது. கம்பு, சோளம், கரும்பு, வெப்பநாட்டுப் புற்கள் ஆகியவை காற்றிலிருந்து கரியை ஏற்கும் விதம் வேறு. நெல், மரங்கள் ஆகியவற்றின் விதம் வேறு. கரியணுவில் எடை மிகுந்த வகை ஒன்று உண்டு. அது கம்பு வகையில் சற்று அதிகமாக நிற்கும். செடி மடிந்து சேறான பின்னும் அவ்விகிதம் மாறுவதில்லை. சேற்றை அடுக்கடுக்காக அளந்தபோது, பனியுகத்தின் உச்சத்தில் நீலகிரியில் வறட்சி தாங்கும் புல் மிகுந்திருந்ததும், பின்னர்ப் பருவமழை வலுத்ததும் தெரிந்தன. அன்று காற்றில் கரியமிலவாயு குறைந்திருந்ததும் அப்புல்லுக்குச் சாதகமே. எல்லாவற்றையும் மழையின் தலையில் ஏற்றிவிடக் கூடாது.

மீஞ்சூருக்குத் திரும்புவோம். அந்தப் பழைய ஆற்று மணல்தான் இப்பகுதியின் நீர்க் களஞ்சியம். நல்ல நீர் உப்பு நீரைவிட இலேசானது. அதன்மேல் மிதந்து நிற்பது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே சுமார் நாற்பது அடி நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. மேலே ஓர் அடி குறைந்தால் கீழிருந்து நாற்பது அடி உப்பு ஏறும். 1960-களின் பிற்பகுதியிலிருந்து நகரத்துக்கும் ஆலைகளுக்கும் இங்கிருந்து நீர் இறைத்தனர். நாமும் வயலுக்கு இறைத்தோம். 1980-களுக்குள் உப்பு பல மைல் உட்புகுந்துவிட்டது. கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2010-இல் காட்டுப்பள்ளியில் வந்தது. அந்நீர் நகரத்துக்கே, நம் நெல்லுக்கன்று.

ஆகவே இன்னும் நாற்பது அடி என்பது நல்ல நீரை நோக்கியல்ல, உப்பை நோக்கியே. பெரியவரிடம் இதைச் சொன்னபோது நெடுநேரம் பேசாதிருந்தார். அவருக்கு முன் கடன் பாக்கியும் உண்டு. ஆழப்படுத்தக் கடன் வேண்டாமென்றும், அதே தொகையை வரத்து வாய்க்காலைத் தூர்வாரவும் மழைநீரை நிலத்துள் இறக்கும் குழி அமைக்கவும் தரலாமென்றும் குறிப்பெழுதியுள்ளேன். மனு அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்திற்கு வருகிறது.