உண்ணிச்செடி யானைகள்

அலங்கரித்த யானை கொச்சிக்காரர்களுக்குப் புதிதல்ல. கோயில் திருவிழா வந்தால் இடக்கொச்சியிலும் நெற்றிப்பட்டம் கட்டிய யானையைப் பார்க்கக் கூட்டம் கூடும். இங்கே சொல்லப்போவது வேறு யானை. இதற்கு உயிர் இல்லை. ஊர் நடுவே நிறுத்துவார்கள். மக்கள் பார்த்து மகிழ்வார்கள். பிறகு விற்று, பணத்தை நல்ல காரியத்துக்குக் கொடுப்பார்கள்.

இந்த வழக்கம் மாட்டில் தொடங்கியது. 1998-இல் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் பசுச் சிலைகளுக்கு வண்ணம் தீட்டித் தெருக்களில் வைத்தார்கள். மறு ஆண்டு அமெரிக்காவின் சிகாகோ நகரம் அதேபோல் செய்தது. சிலைகளை ஏலம் விட்டு தருமத்துக்குப் பணம் திரட்டியது.

மாடு யானையானது ஒரு குட்டியால். தாய்லாந்தில் மோஷா என்ற யானைக்குட்டி கண்ணிவெடியை மிதித்தது. அப்போது அதற்கு வயது ஏழு மாதம். முன்னங்கால் ஒன்று போயிற்று. அங்கே யானைகளுக்கென்றே ஓர் ஆஸ்பத்திரி உண்டு. அதில் செயற்கைக் கால் பொருத்தினார்கள். ஆனால் குட்டி வளர்கிறதே! வளர வளரப் புதுக் கால் வேண்டும். செலவுக்கு என்ன செய்வது? மோஷாவைப் பார்த்த நெதர்லாந்துக்காரர் ஒருவர், தம் மகனோடு சேர்ந்து 2007-இல் ராட்டர்டாம் நகரில் யானைச் சிலைகளை நிறுத்தினார். 2010-இல் லண்டனில் 250-க்கும் அதிகமான சிலைகள் நின்றன. ஏலத்தில் சுமார் 40 லட்சம் பவுன் கிடைத்தது. அந்தப் பணம் 'எலிஃபென்ட் ஃபேமிலி' என்ற அறக்கட்டளைக்குப் போனது.

அதே அறக்கட்டளை பிறகு நம் பக்கத்து மலைக்கு வந்தது. நிலம்பூரிலிருந்து நாடுகாணி மலைப்பாதை ஏறினால் நீலகிரி மாவட்டத்துக் கூடலூர். அங்கே தேயிலைத் தோட்டத்திலும் வீட்டு வாசலிலும் காட்டு யானை நடமாடும். மனிதரும் சாகிறார்கள், யானையும் சாகிறது.

அந்தக் காட்டில் உண்ணிச்செடி புதராக மண்டிக் கிடக்கிறது. மலையாளத்தில் இதை அரிப்பூ என்பார்கள். பூ அழகுதான். வெள்ளைக்காரர் காலத்தில் அழகுக்காகக் கொண்டுவந்த அமெரிக்கச் செடி இது. இலையைத் தின்றால் மாட்டுக்கு நோய் வரும். இது பரவிய இடத்தில் புல் வளராது. புல் இல்லாவிட்டால் யானை எங்கே போகும்?

பெட்டக்குறும்பர், பணியர், காட்டுநாயக்கர், சோளகர் ஆகிய பழங்குடி மக்கள் இந்தச் செடியை வெட்டி யானை செய்கிறார்கள். தடியை வேகவைத்துப் பட்டையை உரிப்பார்கள். இரும்புச் சட்டத்தின் மேல் வளைத்துப் பொருத்துவார்கள். ஒவ்வொன்றும் அந்தப் பக்கத்தில் உலவும் ஓர் உண்மை யானையின் சாயல். உயரமும் அதே உயரம். கூலி வேலைக்கு அலைந்தவர்களுக்கு இது கைத்தொழில் ஆயிற்று. வண்ணம் பூசிய சிலையைவிட இது ஒரு படி மேல்.

இந்த யானைகள் 2021-இல் லண்டன் பூங்காக்களில் நின்றன. 2024-இல் 100 யானைகள் அமெரிக்காவுக்குப் போயின. குட்டியின் விலை 8,000 டாலர். பெரிய கொம்பனுக்கு 22,000 டாலர். நம் பணத்தில் லட்சக்கணக்கில் வரும்! மனிதரும் விலங்கும் பக்கத்தில் பக்கத்தில் வாழ உதவும் அமைப்புகளுக்கு அந்தப் பணம் போகிறது.

உண்ணிச்செடி மட்டும் எளிதில் ஒழியாது. தண்டை வெட்டினால் அடிக்கட்டை அடுத்த மழையில் துளிர்த்துவிடும். வேரோடு தோண்டி எடுக்க வேண்டும்.