ஒளி குறையாத சிக்கனம்

கொழும்பு மாநகரின் வட எல்லையிற் களனி கங்கையைக் கடந்தால் அக்கரையில் அமைந்திருப்பது பேலியகொடை. கண்டி வீதியும் நீர்கொழும்பு வீதியும் பிரிந்து செல்லும் இடம் அது. அங்குள்ள மீன் சந்தையும், 2020-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட புதிய மனிங் சந்தையும் விடியுமுன்னரே விழித்துக்கொள்கின்றன. பகல் முழுவதும் பார வண்டிகளின் இரைச்சல் ஓய்வதில்லை. பொழுது சாய்ந்ததும், நெருங்கி நிற்கும் வீடுகளில் ஒன்றன்பின் ஒன்றாக விளக்குகள் ஒளிரத் தொடங்குகின்றன. அவ்விளக்குகளுக்கும் அருகே ஓடும் ஆற்றுக்கும் நெருங்கிய உறவு உண்டு. கரையில் வாழ்வோரிற் பலர் அவ்வுறவை எண்ணிப் பார்ப்பதில்லை.

மலைநாட்டிலே கெகல்கமு ஓயா, மஸ்கெலி ஓயா என்னும் இரு கிளையாறுகள் கூடியே களனி கங்கை உருவாகின்றது. முன்னதன் குறுக்கே காசல்ரீ நீர்த்தேக்கமும், பின்னதன் குறுக்கே மவுசாக்கலை நீர்த்தேக்கமும் கட்டப்பட்டுள்ளன. அங்கே தேக்கிய நீர் குழாய்களின் வழியே உயரத்திலிருந்து பாய்ந்து, மின்நிலையங்களின் சுழலிகளைச் சுழற்றிய பின்னரே சமவெளிக்கு இறங்கி வருகின்றது. இந்த மலையாற்று நீரிலிருந்து மின்சாரம் பெறலாம் என்று 1918-ஆம் ஆண்டிலேயே கணக்கிட்டுக் காட்டியவர் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திரா. அவருடைய கனவு உடனே நிறைவேறவில்லை. லக்சபான மின்நிலையம் இயங்கத் தொடங்கியது 1950-ஆம் ஆண்டில்தான். ஆகவே, பேலியகொடைப் பாலத்தின் கீழே அமைதியாக ஓடும் நீரில் ஒரு பங்கு, மலையில் ஒரு முறை உழைத்துவிட்டு வருகின்ற நீர் எனலாம்.

ஆனால் இன்று நாட்டின் மின்தேவை முழுவதையும் ஆறுகளால் மட்டும் நிறைவேற்ற இயலாது. மழை பொய்த்த காலங்களில் நீர்த்தேக்கங்கள் வற்றுகின்றன. 1996-ஆம் ஆண்டின் வறட்சியிலே நாடெங்கும் நாள்தோறும் பல மணித்தியாலம் மின்வெட்டு நிலவியது. நீர் போதாதபோது நிலக்கரியும் எண்ணெயும் எரிக்கப்படுகின்றன. நுரைச்சோலையில் நிலக்கரி நிலையம் உண்டு. பேலியகொடைக்கு எதிரே ஆற்றின் தென்கரையில், 1960-களிலிருந்தே எண்ணெயில் இயங்கிவரும் களனிதிஸ்ஸ மின்நிலையம் உண்டு. நிலக்கரியும் எண்ணெயும் இந்நாட்டில் விளைபவை அல்ல. அந்நியச் செலாவணி கொடுத்துக் கப்பலில் கொண்டுவர வேண்டியவை. அந்தச் செலாவணி அற்றுப்போனபோது என்ன நேர்ந்தது என்பதை 2022-ஆம் ஆண்டு கண்ட எவரும் மறக்கமாட்டார். அவ்வாண்டு மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்சாரம் நின்றது. அதனைத் தொடர்ந்து அவ்வாண்டு ஆகஸ்டிலும், 2023 பெப்ரவரியிலும் மின்கட்டணம் மிகவும் உயர்த்தப்பட்டது. பின்னர் ஓரளவு குறைக்கப்பட்டபோதிலும், பட்டியலைக் கையில் எடுக்கும்போது ஏற்படும் அச்சம் பல வீடுகளில் இன்னும் நீங்கவில்லை.

அந்த அச்சத்தினாற் சிலர் தவறான வழியிற் சிக்கனம் செய்யத் தலைப்பட்டனர். பிள்ளை படிக்கும் அறையில் விளக்கை அணைத்து, முன்கூடத்தின் மங்கிய வெளிச்சத்தில் எல்லோரும் ஒன்றாக இருக்கும்படி செய்தனர். சமையலறையில் அரையிருளிற் காய்கறி நறுக்கினர். வயது முதிர்ந்தோர் குளியலறைக்குத் தடவித் தடவிச் சென்றனர். இது சிக்கனம் ஆகாது. கண்ணுக்கும் காலுக்கும் தேடிக்கொள்ளும் கேடாகும். மெய்யான சிக்கனம் ஒளியைக் குறைப்பதில் இல்லை. வீணாகும் மின்சாரத்தைக் குறைப்பதில் இருக்கின்றது. அவ்வாறு வீணாவது எங்கே என்பதை அறிய, விளக்கு எரியும் விதத்தைச் சிறிது அறிந்துகொள்ளல் வேண்டும்.

நெடுங்காலம் வீடுகளில் எரிந்தது இழைக்குமிழ். அதனுள்ளே தங்குதன் என்னும் உலோகத்தாலான மெல்லிய இழை உண்டு. மின்சாரம் பாய, அவ்விழை வெண்மையாகக் காய்ந்து ஒளி தருகின்றது. காய்வதால் வரும் ஒளி ஆகையால், பெறும் மின்சாரத்திற் பெரும்பகுதி வெப்பமாகவே போய்விடுகின்றது. அறுபது வாற்றுக் குமிழ் ஒன்றில் ஒளியாக மாறுவது ஏறக்குறைய மூன்று வாற்று மட்டுமே. எரிந்துகொண்டிருக்கும் அக்குமிழைத் தொட்டுக் கையைச் சுட்டுக்கொண்டவர்க்கு இதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. குளிர்நாட்டில் அந்த வெப்பத்தாற் சிறிது பயன் இருக்கலாம். கொழும்பின் புழுக்கத்தில், அதே வெப்பத்தைப் போக்க மின்விசிறியை அல்லவா சுழற்ற வேண்டியிருக்கின்றது!

அடுத்து வந்தது சி.எவ்.எல். எனப்படும் சிறு குழல்விளக்கு. அதனுள்ளே சிறிதளவு இரச ஆவி உண்டு. அவ்வாவியில் மின்சாரம் பாயும்போது கண்ணுக்குப் புலப்படாத ஊதாக் கடந்த கதிர்கள் எழுகின்றன. கண்ணாடியின் உட்புறத்துப் பூச்சு அக்கதிர்களை வாங்கி வெள்ளொளியாக மாற்றித் தருகின்றது. அறுபது வாற்று இழைக்குமிழின் ஒளியை இது பதினான்கு, பதினைந்து வாற்றிலேயே தந்துவிடும்.

இப்பொழுது கடைகளில் நிறைந்திருப்பது எல்.ஈ.டி. குமிழ். அதில் இழையும் இல்லை, ஆவியும் இல்லை. குறைகடத்தி என்னும் திண்மப் பொருளின் சிறு துண்டு ஒன்றே மின்சாரத்தை நேரே ஒளியாக மாற்றுகின்றது. சிவப்பும் பச்சையும் தரும் துண்டுகள் முன்னரே இருந்தன. நீல ஒளி தரும் துண்டு கிடைக்காமையால் வெள்ளொளி விளக்குச் செய்வது நெடுங்காலம் கைகூடவில்லை. அந்தத் தடையை நீக்கிய இசாமு அகசாகி, ஹிரோஷி அமனோ, ஷூஜி நகமுரா ஆகிய மூவருக்கும் 2014-ஆம் ஆண்டின் பௌதிகவியல் நோபெல் பரிசு வழங்கப்பட்டது. அவர்கள் கண்ட நீல ஒளியின் மீது மஞ்சள் நிற ஒளிர்பூச்சு இட்டே இன்றைய வெள்ளைக் குமிழ்கள் செய்யப்படுகின்றன. இழைக்குமிழ் அறுபது வாற்றிலே தந்த ஒளியை இது எட்டு அல்லது ஒன்பது வாற்றிலே தருகின்றது. இழைக்குமிழின் ஆயுள் ஏறக்குறைய ஆயிரம் மணித்தியாலம். தரமான எல்.ஈ.டி. குமிழோ பதினையாயிரம் மணித்தியாலமும் அதற்கு மேலும் உழைக்கும்.

இவையெல்லாம் ஒரு குடும்பத்தின் பட்டியலில் எவ்வாறு புலப்படும்? உதாரணமாகப் பேலியகொடையில் மாதம் 85 அலகு மின்சாரம் செலவிடும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளலாம். ஆயிரம் வாற்று ஒரு மணித்தியாலம் செலவானால் அது ஓர் அலகு. அவ்வீட்டின் முன்கூடத்தில் பழைய குழல்விளக்கு ஒன்று. அதற்குரிய சோக்குடன் சேர்த்து ஐம்பது வாற்று. அது நாள்தோறும் ஐந்து மணித்தியாலம் எரிந்தால் மாதத்துக்கு 7.5 அலகு. சமையலறையிலும் படிப்பறையிலும் அறுபது வாற்றுக் குமிழ்கள் நான்கு மணித்தியாலம் எரிந்தால், ஒவ்வொன்றுக்கும் 7.2 அலகு. குளியலறையில் நாற்பது வாற்றுக் குமிழ் ஒரு மணித்தியாலம் எரிந்தால் 1.2 அலகு. வாசலில் நாற்பது வாற்றுக் குமிழ் இரவிற் பத்து மணித்தியாலம் எரிந்தால் 12 அலகு. ஆகமொத்தம் விளக்குகளுக்கு மட்டும் ஏறக்குறைய 35 அலகு.

இவற்றை எல்.ஈ.டி. விளக்குகளாக மாற்றினால் முன்கூடத்துக்கு 20 வாற்றும், சமையலறைக்கும் படிப்பறைக்கும் ஒவ்வொன்றுக்கு 9 வாற்றும், குளியலறைக்கும் வாசலுக்கும் ஒவ்வொன்றுக்கு 5 வாற்றும் போதும். அதே நேரம் எரித்தாலும் மொத்தச் செலவு 7 அலகைத் தாண்டாது. மிச்சம் 28 அலகு. எந்த அறையிலும் இருள் சூழவில்லை. பிள்ளையின் படிப்பும் கெடவில்லை.

இக்கணக்கிலிருந்து இரண்டு உண்மைகள் பெறப்படுகின்றன. முதலாவது, வாற்று மட்டுமன்றி எரியும் நேரமும் முக்கியமானது. வாசல் விளக்கு அறுபது வாற்றுக் குமிழ்களைவிடச் சிறியதாயினும், இரவு முழுவதும் எரிவதால் மிகுதியாக உண்பது அதுவே. ஆகையால், எல்லா விளக்குகளையும் ஒரே மாதத்தில் மாற்றப் பணவசதி இல்லாதவர்கள் நெடுநேரம் எரியும் விளக்கை முதலில் மாற்றுதல் வேண்டும். குளியலறை விளக்குக் காத்திருக்கலாம்.

இரண்டாவது, மின்கட்டணத்தின் அமைப்பைப் பற்றியது. இந்நாட்டில் வீட்டு மின்சாரத்துக்குப் படிமுறைக் கட்டணம் விதிக்கப்படுகின்றது. மாதச் செலவு 60 அலகைக் கடவாத வீடுகளுக்கு ஒரு முறை. கடந்துவிட்ட வீடுகளுக்கு வேறு முறை. எல்லையைக் கடந்தால் மேலதிக அலகுகளுக்கு மட்டுமல்ல, முதல் அறுபது அலகுகளுக்கும் உயர்ந்த வீதத்திலேயே கட்டணம் கணக்கிடப்படும். ரூபாய்க் கணக்குக் காலத்துக்குக் காலம் மாறலாம். ஆயினும் இவ்வமைப்பு நெடுநாளாக நிலைத்து நிற்கின்றது. மேற்கண்ட வீட்டில் 85 அலகிலிருந்து 28 குறைந்தால் எஞ்சுவது 57. விளக்குகளை மாற்றியதனாலேயே அக்குடும்பம் எல்லைக்குள் வந்துவிட்டது. எனவே பட்டியலிற் கடைசி வரியிலுள்ள ரூபாயை மட்டும் பார்த்துப் பெருமூச்சு விடுவதைக் காட்டிலும், அலகின் தொகையைப் பார்ப்பதே அறிவுடைமை. வாரம் ஒரு நாள் மின்மானியின் எண்ணைக் குறித்து வரும் பொறுப்பை வீட்டுப் பிள்ளையிடம் ஒப்படைத்தால், பிள்ளைக்குக் கணக்கும் வரும். குடும்பத்துக்கு எச்சரிக்கையும் கிடைக்கும்.

நல்ல குமிழ் விலை கூடியது என்பது மெய்யே. அன்றாட உழைப்பில் வாழ்வோர்க்கு ஒரே முறையிற் பெருந்தொகை கொடுப்பது எளிதன்று. 1990-களில் இலங்கை மின்சார சபை இதனை உணர்ந்து, பாவனையாளருக்குச் சிக்கனக் குமிழ்களை முதலிற் கொடுத்து, விலையை மாதப் பட்டியலோடு தவணையாகப் பெறும் திட்டமொன்றை நடத்தியது. அதன் அடிப்படைக் கருத்தை எந்த வீடும் தானே பின்பற்றலாம். முதற் குமிழினால் மீதமாகும் பணத்தை வேறு செலவிற் கரைக்காது, அடுத்த குமிழ் வாங்குவதற்கென எடுத்து வைத்தால், சில மாதங்களில் வீடு முழுவதும் மாறிவிடும்.

குமிழ் வாங்கும்போது கவனிக்க வேண்டியவையும் சில உண்டு. ஒளியின் அளவு வாற்றினால் அறியப்படுவதில்லை. லூமென் என்னும் அலகினால் அறியப்படுகின்றது. அறுபது வாற்று இழைக்குமிழுக்கு ஈடாக ஏறக்குறைய எண்ணூறு லூமென் தரும் குமிழைக் கேட்டு வாங்குதல் வேண்டும். மிக மலிவான குமிழ்களில் உள்ளிருக்கும் மின்சுற்றுத் தரமற்றதாக இருந்து, சில மாதங்களிலேயே பழுதாகிவிடுவதுண்டு. உத்தரவாதக் காலம் அட்டையில் எழுதப்பட்டிருக்கின்றதா என்று பார்த்து, பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துதல் நன்று. பழைய சி.எவ்.எல். விளக்கு உடைந்தால், உள்ளே இரசம் இருப்பதால் சன்னல்களைத் திறந்து சிறிது நேரம் விலகி நின்று, பின்னர் துண்டுகளை வெறுங்கையால் தொடாது கடதாசியால் அள்ளி மூடி அகற்றுதல் வேண்டும்.

குப்பி விளக்கும் அரிக்கன் இலாம்பும் எரிந்த காலத்தில், வீட்டுப் பெண்கள் மாலைதோறும் சிமினியைச் சாம்பலால் துடைத்துப் பளிச்சென்று வைத்தார்கள். வேலை நடக்கும் இடத்துக்கே விளக்கு சென்றது. ஆளில்லாத அறையில் எண்ணெய் எரியவில்லை. எண்ணெய் குறைவது கண்ணுக்குத் தெரிந்ததால் வந்த பழக்கம் அது. மின்சாரம் குறைவது கண்ணுக்குத் தெரியாது. ஆளியை அழுத்தியதும் ஒளி வருகின்றது. ஆயினும் அப்பழக்கங்கள் இன்றும் பொருந்துவனவே. வீதிப் புழுதி படிந்த குமிழைத் துடைத்தாலும், சுவருக்கு வெண்மை பூசினாலும் அதே மின்சாரத்தில் ஒளி பெருகும். மேசைக்கு அருகே சிறு விளக்கு வைத்தால் அறை முழுவதற்கும் பெரிய விளக்கு வேண்டியதில்லை.

விளக்குக்கு அப்பாலும் சிக்கனத்துக்கு இடமுண்டு. மின்னழுத்தி ஆயிரம் வாற்று உண்பது. நாள்தோறும் ஒரு சட்டைக்காக அதனைச் சூடாக்காது, வாரத்துணியை ஒரே முறையில் அழுத்தினால் மீண்டும் மீண்டும் சூடேறும் செலவு மிஞ்சும். குளிர்சாதனப் பெட்டியைச் சுவரோடு ஒட்டி வையாது, பின்புறம் காற்றோட இடம் விடுதல் வேண்டும். மாலை 6.30 முதல் இரவு 10.30 வரையுள்ள நேரமே உச்சநேரம் எனக் கணிக்கப்படும் வேளை. எல்லா வீடுகளிலும் விளக்கு ஒளிரும் அவ்வேளையில் தேவையை ஈடுசெய்யவே செலவு மிகுந்த எண்ணெய் நிலையங்களும் இயக்கப்படுகின்றன. அழுத்துதல், நீர் இறைத்தல் போன்றவற்றைப் பகலுக்கு மாற்றுவோர் நாட்டின் எண்ணெய்ச் செலவைக் குறைக்க உதவுகின்றனர்.

ஒரு வீட்டின் 28 அலகு சிறிதாகத் தோன்றலாம். அத்தகைய ஆயிரம் வீடுகள் சேர்ந்தால் மாதம் 28,000 அலகு. அதற்காகப் புதிய அணை கட்ட வேண்டியதில்லை; கப்பலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை; மழையை வேண்டி வானத்தைப் பார்க்க வேண்டியதுமில்லை. மலையிலே சுழலியைச் சுழற்றிவிட்டுப் பேலியகொடையைக் கடந்து கடலை நோக்கிச் செல்லும் களனி நீரை மீண்டும் மேலே ஏற்ற முடியாது. அது தந்துவிட்டுச் சென்ற மின்சாரத்தைப் பயனாக்குவதும் பாழாக்குவதும் கரையில் வாழ்வோர் கையில் இருக்கின்றது.