27 சென்டிமீட்டர் 54 ஆன கதை

ரைன் ஆற்றின் இரு கரைகளிலும் லாஃபன்பர்க் என்ற ஒரே பெயரில் இரண்டு ஊர்கள் உள்ளன. ஒன்று ஜெர்மனியில், மற்றது சுவிட்சர்லாந்தில். இரண்டையும் இணைக்கப் புதிய பாலம் கட்டிக்கொண்டிருந்தபோது, 2003ஆம் ஆண்டில் ஒரு சிக்கல் தெரியவந்தது. இரு பக்க வேலைகளுக்கும் இடையே 54 சென்டிமீட்டர் உயர வித்தியாசம்!

காரணம் சுவாரசியமானது. உயரத்தைக் கடல்மட்டத்திலிருந்து அளப்பது வழக்கம். ஆனால் எந்தக் கடல்? ஜெர்மனி வடகடலை வைத்து அளக்கிறது, சுவிட்சர்லாந்து மத்தியத்தரைக் கடலை வைத்து அளக்கிறது. இரண்டு பூஜ்ஜியங்களுக்கும் இடையே 27 சென்டிமீட்டர் வேறுபாடு. பொறியாளர்களுக்கு இது முன்பே தெரியும். கணக்கிலும் சேர்த்தார்கள். கூட்டல் கழித்தல் குறி மட்டும் மாறிவிட்டது. வேறுபாடு மறைவதற்குப் பதிலாக இரட்டிப்பானது.

பலர் சேர்ந்து ஒன்றைக் கட்டும்போது, “நம் பூஜ்ஜியம் எது?” என்பதை முதல் கோடு வரைவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். இன்று கட்டட வடிவமைப்பு மென்பொருளில் அந்த முடிவுகளை எழுதிவைக்கும் இடம்தான் வார்ப்புரு. முறுக்கு அச்சைப் போன்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். மாவு வேறாகலாம், அச்சு ஒன்றுதான்.

ஒரே கட்டடம், மூன்று பார்வை

ரெவிட் போன்ற மென்பொருளில் வரையப்படும் சுவர் வெறும் இரண்டு கோடுகள் அல்ல. தன் தடிமன், உயரம், எதனால் ஆனது, எவ்வளவு நேரம் தீயைத் தாங்கும் என்ற விவரங்களையும் அது சுமந்திருக்கும். அதனால்தான் இதைக் கட்டடத் தகவல் மாதிரி என்கிறார்கள். சுருக்கமாக ‘பிம்’. சிங்கப்பூரில் 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதிய கட்டடங்களுக்கு 2015 முதல் இத்தகைய மாதிரியைத்தான் அதிகாரிகளிடம் சமர்ப்பிக்க வேண்டும்.

இந்த மாதிரியில் குறைந்தது மூன்று துறையினர் வேலை செய்கிறார்கள். கட்டடக் கலைஞர் அறைகளையும் கதவுகளையும் அமைக்கிறார். கட்டமைப்புப் பொறியாளர் தூணையும் உத்திரத்தையும் பார்த்துக்கொள்கிறார். இயந்திர, மின் பொறியாளருக்குக் குளிரூட்டிக் குழாய்கள், தண்ணீர்க் குழாய்கள், மின்கம்பிகள். மூவரும் பார்ப்பது ஒரே கட்டடத்தை, ஆனால் பார்க்க விரும்புவது வேறு வேறு. ரெவிட்டில் ஒரு காட்சியின் துறையை ‘இயந்திரவியல்’ என்று மாற்றினால் சுவர்களும் தூண்களும் மங்கலாகி, குழாய்கள் பளிச்சென்று தெரியும். ‘கட்டமைப்பு’ என்று மாற்றினால் பாரம் தாங்காத சுவர்கள் மறைந்தேபோகும். பலதுறை வார்ப்புருவில் இந்தக் காட்சிகள் முன்கூட்டியே தயாராக இருக்கும்.

காட்சிகள் வசதிக்காக. ஆபத்து இருப்பது மூவருக்கும் பொதுவான விஷயங்களில்.

தரை எங்கே இருக்கிறது?

வேடிக்கையான கேள்வியாகத் தோன்றலாம். கட்டடக் கலைஞருக்குத் தரை என்றால் நாம் நடக்கும் தரையோட்டின் மேற்பரப்பு. கட்டமைப்புப் பொறியாளருக்குக் கான்கிரீட்டின் மேற்பரப்பு. இடையில் ஓடும் அதன் அடியிலுள்ள சிமெண்டுக் கலவையும் சேர்ந்து 50 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது, பொறியாளர் கட்டடக் கலைஞரின் கோட்டையே கான்கிரீட்டின் மேற்பரப்பு என்று எண்ணி மாதிரியை அமைக்கிறார். உத்திரங்கள் எல்லாம் இருக்க வேண்டிய இடத்தைவிட 50 மில்லிமீட்டர் உயரத்தில் தெரிகின்றன. உத்திரத்துக்கும் அதன் கீழே வரும் பொய்க்கூரைக்கும் இடையே 300 மில்லிமீட்டர் இடைவெளி இருப்பதாகத் திரை காட்டுகிறது. 270 மில்லிமீட்டர் குளிரூட்டிக் குழாய் தாராளமாக நுழையும். ஆனால் கட்டும் இடத்தில் இருப்பதோ 250 மில்லிமீட்டர்தான். குழாய் நுழையாது. திரையில் யாருக்கும் எந்தப் பிழையும் தெரிந்திருக்காது.

எனவே நல்ல வார்ப்புருவில் ஒவ்வொரு மாடிக்கும் இரண்டு மட்டங்கள், இரண்டு வெவ்வேறு பெயர்களில் இருக்கும். பெயர் வைப்பதிலும் கவனம் தேவை. 1, 2, 10 என்று பெயரிட்டால் சில கணினி நிரல்கள் 1, 10, 2 என்று அடுக்கும். ஆகவே 01, 02 என்று எழுதுவார்கள். சிங்கப்பூரில் நாம் முதல் மாடி என்பதைப் பிரிட்டனில் தரைத்தளம் என்பார்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

48 கிலோமீட்டர் தள்ளி

பூஜ்ஜியம் எது என்பதை உயரத்துக்கு மட்டும் முடிவு செய்தால் போதாது. கிழக்கு மேற்கு, வடக்கு தெற்குக்கும் வேண்டும். சிங்கப்பூரின் நில அளவை முறைக்கு எஸ்விஒய்21 என்று பெயர். அதன் ஆதாரப் புள்ளிக்குக் கிழக்கே 28,001.642 மீட்டர், வடக்கே 38,744.572 மீட்டர் என்ற எண்கள் தரப்பட்டுள்ளன. தீவின் எந்த மூலைக்கும் எதிர்மறை எண் வரக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது. பித்தாகரஸ் தேற்றத்தைப் போட்டுப் பாருங்கள். இந்த முறையின் பூஜ்ஜியம் அந்தப் புள்ளியிலிருந்து ஏறக்குறைய 48 கிலோமீட்டர் தள்ளி, நம் நாட்டு எல்லைக்கு வெளியே, தென்மேற்கில் இருக்கிறது.

ரெவிட்டுக்கோ தன் சொந்த உள் மையத்திலிருந்து சுமார் 16 கிலோமீட்டருக்குள் கட்டடம் இருக்க வேண்டும். கணினி ஓர் எண்ணுக்கு ஒதுக்கும் இலக்கங்கள் அளவானவை. முன்பகுதி பெரிதானால் தசமப் புள்ளிக்குப் பின்னுள்ள நுணுக்கத்துக்கு இடம் குறைந்துவிடும். ஆகவே கட்டடத்தை மையத்தின் அருகிலேயே வரைந்துவிட்டு, “இது உண்மையில் எஸ்விஒய்21இல் இன்ன இடம்” என்று தனியாகக் குறித்துவைக்கிறார்கள். அந்தக் குறிப்பு மூன்று துறையினரின் கோப்புகளிலும் ஒன்றாக இல்லாவிட்டால், கோப்புகளை இணைக்கும்போது கட்டடம் ஓரிடத்திலும் குழாய்கள் வேறோர் இடத்திலும் அந்தரத்தில் தொங்கும். இது பெரிய பிழைதான், ஆனால் எனக்கு அவ்வளவு பயமில்லை, பார்த்தவுடன் தெரிந்துவிடும். அந்த 50 மில்லிமீட்டர்தான் பயமுறுத்துகிறது.

வார்ப்புருவுக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. புதிய கோப்பைத் திறக்கும்போது மென்பொருள் வார்ப்புருவின் நகல் ஒன்றை எடுத்துக்கொள்கிறது. அதன் பிறகு இரண்டுக்கும் தொடர்பில்லை. வார்ப்புருவில் ஒரு பிழை இருந்து, பத்துக் கட்டடங்கள் அதிலிருந்து தொடங்கியிருந்தால், பத்துக் கோப்புகளையும் தனித்தனியே திருத்த வேண்டும். பிழிந்த முறுக்கு, அச்சை மாற்றினால் மாறாது. எனவே, புது வார்ப்புருவை வைத்து முதலில் ஒரு சின்ன கட்டடத்தை முழுவதும் வரைந்து சோதித்துப் பார்ப்பது நல்லது. எதற்கும் இருக்கட்டும் என்று நூற்றுக்கணக்கான கதவு வகைகளையும் விளக்கு வகைகளையும் அதில் திணிப்பது வேண்டாத வேலை. கோப்பு கனத்துப்போகும், தேவையானது கண்ணில் படாது.

ரெவிட்டை மாணவர்கள் இலவசமாகப் பதிவிறக்கலாம். மெட்ரிக் கட்டடக்கலை வார்ப்புருவைத் திறந்து, பக்கவாட்டுத் தோற்றத்துக்குப் போனால் இரண்டே மட்டங்கள் இருக்கும். இரண்டாவதன் அருகே 4000 என்று மில்லிமீட்டரில் எழுதியிருக்கும். வீவக வீட்டில் ஒரு மாடியிலிருந்து அடுத்த மாடிக்குப் பொதுவாக 2,800 மில்லிமீட்டர்தான். உங்கள் புளோக்கை வரைவதாக இருந்தால் முதல் வேலை அந்த எண்ணை மாற்றுவது. மாற்றும் முன், அது ஓட்டிலிருந்தா, கான்கிரீட்டிலிருந்தா என்று பக்கத்தில் எழுதிவையுங்கள்.