சட்டத்தைக் காத்தவர்கள் யார்?

சால்வடாரின் பேராயர் ஆஸ்கர் ரொமேரோ திருப்பலி நிறைவேற்றிக்கொண்டிருந்தபோதே சுட்டுக் கொல்லப்பட்டதைச் சென்ற வாரம் பார்த்தோம். அது 1980 மார்ச் 24. சரியாக இரண்டு வருடம் கழித்து அதே தேதியில், அமெரிக்காவின் டூசான் நகரில், ஏழைகள் வாழும் பகுதியில் இருந்த ஒரு சின்ன தேவாலயம் தன் வாசலில் இரண்டு பதாகைகளைக் கட்டியது. மத்திய அமெரிக்காவில் ஒடுக்கப்பட்டவர்களுக்கு இது அடைக்கலம் என்றது ஒன்று. குடியேற்றத் துறையே, கடவுளின் இடத்தைத் தீட்டுப்படுத்தாதே என்றது மற்றொன்று. முகத்தைத் துணியால் மறைத்த சால்வடார் அகதி ஒருவரும் பத்திரிகையாளர்கள் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

அந்த சவுத்சைட் பிரெஸ்பிட்டேரியன் தேவாலயத்தின் போதகர் ஜான் ஃபைஃப். அவருடைய கூட்டாளி ஜிம் கார்பெட், ஆடு வளர்த்தவர், குவேக்கர் பிரிவைச் சேர்ந்தவர். மூட்டுவாதத்தால் விரல்கள் கோணிப்போனவர். ஆனால், எல்லைப் பாலைவனத்தின் தடங்கள் அவருக்கு அத்துப்படி. அந்த வழிகளில்தான் அகதிகளைக் கூட்டிவந்தார்.

எதையும் அவர்கள் ஒளித்துச் செய்யவில்லை. சட்டத்தை மீறப் போகிறோம் என்று அட்டர்னி ஜெனரலுக்கே முன்கூட்டிக் கடிதம் போட்டார் ஃபைஃப். பிற்பாடு கார்பெட் அந்த வாதத்தையே மாற்றினார். உயிருக்கு அஞ்சி வருபவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்பதற்கு 1980-லேயே அகதிகள் சட்டம் இருக்கிறது. அதை மீறுவது அரசாங்கம், நாம் அதை நிறைவேற்றுகிறோம் என்றார். எனக்கு இதுதான் இந்த இயக்கத்தின் உயிர்நாடியாகப் படுகிறது. சால்வடார் ராணுவத்துக்குப் பணமும் ஆயுதமும் கொடுத்த வாஷிங்டன், அந்த ராணுவத்துக்குப் பயந்து ஓடிவந்தவர்களை அகதிகள் என்று எப்படி ஒப்புக்கொள்ளும்? 1984-ல் தஞ்சம் கேட்ட சால்வடார்காரர்களில் நூற்றுக்கு மூன்று பேருக்குக்கூட அது கிடைக்கவில்லை.

அரசு உளவாளிகளை அனுப்பியது. உடம்பில் ஒலிப்பதிவுக் கருவியை மறைத்துக்கொண்டு வேத வாசிப்புக் கூட்டத்தில் போய் உட்கார்ந்தார்கள். வழிபாட்டுக்கு வந்தவரின் நம்பிக்கையை இதைவிடக் கேவலமாக யாரும் சுரண்ட முடியாது. 11 பேர் மீது வழக்கு நடந்தது. அகதிகளின் நாடுகளில் என்ன நடக்கிறது என்பதையோ, தங்கள் மத நம்பிக்கையையோ சாட்சியமாக வைக்க அவர்களை நீதிபதி அனுமதிக்கவில்லை. குற்றம்சாட்டப்பட்டவர்கள் தரப்பு ஒரு சாட்சியைக்கூட அழைக்காமல் வாதத்தை முடித்துக்கொண்டது. 1986 மே மாதம் ஃபைஃப் உட்பட எட்டுப் பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது, கார்பெட் விடுவிக்கப்பட்டார். யாரும் சிறைக்கு அனுப்பப்படவில்லை.

தேவாலயங்கள் சும்மா இருக்கவில்லை. அமெரிக்க பாப்டிஸ்ட் சபைகள் முன்னின்று அரசின் மீதே வழக்குப் போட்டன. 1991-ல் அரசு சமரசத்துக்கு வந்தது. சால்வடார், குவாத்தமாலா அகதிகளின் தஞ்ச மனுக்களை முதலிலிருந்து நியாயமாக விசாரிக்க ஒப்புக்கொண்டது.

ஃபைஃப் அதோடு ஓயவில்லை. எல்லைப் பாலைவனத்தைக் கடந்து வந்த மக்கள் தண்ணீர் இல்லாமல் செத்துக்கொண்டிருந்தார்கள். 2004-ல் அவரும் சேர்ந்து தொடங்கிய அமைப்பைப் பற்றி அடுத்த வாரம்.