வயலில் உண்ட சோறும் அறையில் உண்ணும் சோறும்

செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் திருத்தலத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் நடந்து பாருங்கள். வலிகாமத்துப் பேச்சும், மன்னார்ப் பேச்சும், வன்னிப் பேச்சும் காதில் விழும். 1990 ஜூனில் வலிகாமம் வடக்கிலிருந்தும், 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதிலிருந்தும், 2008, 2009 ஆம் ஆண்டுகளில் வன்னியிலிருந்தும் பெயர்ந்த குடும்பங்களில் ஒரு பகுதியினர் காலப்போக்கில் கொழும்பை வந்தடைந்தனர். சிலர் ஊர் திரும்பினர். வேறு சிலர் கொச்சிக்கடை, கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தைப் பகுதிகளில் வாடகை அறைகளிலும் சிறு வீடுகளிலும் தங்கிவிட்டனர்.

காணியையும் கிணற்றையும் மாட்டையும் எம்மால் கொண்டுவர முடியவில்லை. சாப்பாட்டுப் பழக்கம் மட்டும் எம்மோடு கூடவே வந்தது. ஊரில் உண்ட அதே அளவு சோற்றை இங்கும் உண்கிறோம். ஆனால் ஊரில் செய்த வேலை இங்கே இல்லை. இந்த ஒரு மாற்றம் எங்கள் உடலில் என்ன செய்கிறது, அதற்கு எங்கள் சமையலறையிலேயே என்ன செய்யலாம் என்பதைப் பற்றியதே இக்கட்டுரை.

கணக்கு எங்கே பிழைத்தது?

வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் தண்ணீர் இறைத்த ஒருவரை நினைத்துப் பார்ப்போம். விடியப் புறமே தோட்டத்துக்குப் போவார். கொத்துவது, பாத்தி கட்டுவது, களை பிடுங்குவது, மூட்டை தூக்குவது என்று பொழுது சாயும்வரை உடல் ஓயாது. இன்று அவர் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறார், அல்லது காவலாளியாக ஒரு கதிரையில் இருக்கிறார். அவருடைய மனைவி ஊரில் அரிசி இடித்தார், விறகு பொறுக்கினார், மாட்டுக்குப் புல்லுச் செதுக்கினார். இங்கே எரிவாயு அடுப்பும் குழாய்த் தண்ணீரும் ஓர் அறைக்குள்ளேயே இருக்கின்றன.

இந்த வேறுபாட்டை எண்களில் சொல்லலாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிப் பேரவை 2010 ஆம் ஆண்டு வெளியிட்ட அளவுகளின்படி, 60 கிலோ நிறையுள்ள ஆண் கடின உழைப்பாளியாக இருந்தால் நாளொன்றுக்கு 3,490 கலோரி தேவை. உட்கார்ந்து வேலை செய்பவராயின் 2,320 கலோரி போதும். 55 கிலோ நிறையுள்ள பெண்ணுக்கு இந்த அளவுகள் முறையே 2,850, 1,900 ஆகும்.

ஆணின் கணக்கில் மட்டும் 1,170 கலோரி மிச்சமாகிறது. 100 கிராம் அரிசியில் ஏறக்குறைய 350 கலோரி உண்டு. ஒரு சுண்டு அரிசி சுமார் 200 கிராம் என்று கொண்டால், இந்த மிச்சம் ஒன்றரைச் சுண்டு அரிசிக்கும் அதிகம். தோட்டத்தில் எரிந்துபோன இந்தச் சக்தி இப்போது இடுப்பிலும் வயிற்றிலும் கொழுப்பாகச் சேர்கிறது.

இது அழகு பற்றிய கவலை அல்ல. இலங்கையில் 2005, 2006 ஆம் ஆண்டுகளில் செய்யப்பட்ட தேசிய ஆய்வில், வயது வந்தவர்களில் நீரிழிவு உள்ளவர்கள் கிராமப்புறத்தில் 8.7 வீதமாகவும் நகர்ப்புறத்தில் 16.4 வீதமாகவும் இருந்தனர். அதாவது நகரத்தில் ஏறக்குறைய இரட்டிப்பு. அதற்குப் பின் செய்யப்பட்ட ஆய்வுகள் நோய் மேலும் கூடியிருப்பதையே காட்டுகின்றன. எம்மைப் போன்ற தெற்காசியருக்கு உடல் மிகவும் பருக்குமுன்பே ஆபத்து வந்துவிடுகிறது. ஓர் அளவு நாடாவை எடுத்து இடுப்பைச் சுற்றி அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றரும் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரும் எச்சரிக்கை எல்லைகள்.

வயிறு எதனால் நிறைகிறது?

"சாப்பாட்டைக் குறையுங்கோ" என்று வைத்தியர் சொன்னதும் நாம் செய்வது என்ன? இரவுச் சாப்பாட்டை விட்டுவிடுவோம். மூன்றாம் நாள் பசி தாங்காமல் கொத்து ரொட்டிக் கடைக்குப் போய்விடுவோம். "வயிறு நிறையாமல் என்ன சாப்பாடு?" என்று வீட்டில் ஆச்சி கேட்பதில் நியாயம் இருக்கிறது. இடப்பெயர்வில் பட்டினி கிடந்தவர்களுக்கு மீண்டும் பட்டினி கிட என்று சொல்வது அறிவுரையே அல்ல.

வயிற்றை வெறுமையாக விடாமல், அதை நிரப்பும் பொருளை மாற்றுவதே வழி.

1995 ஆம் ஆண்டு அவுஸ்திரேலியாவின் சிட்னிப் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை செய்தார்கள். 38 வகை உணவுகளை, ஒவ்வொன்றிலும் ஒரே அளவான 240 கலோரி இருக்கும்படி அளந்து கொடுத்தார்கள். பின்னர் இரண்டு மணி நேரம் பசி எப்படி இருக்கிறது என்று கேட்டுக் குறித்தார்கள். வெள்ளைப் பாணுக்கு 100 புள்ளி என்று வைத்தபோது, அவித்த உருளைக்கிழங்கு 323 புள்ளி பெற்று முதலிடத்தில் நின்றது. மீனும் 200க்கு மேல் பெற்றது. கேக் 65 புள்ளிதான். அதே உருளைக்கிழங்கைப் பொரித்துக் கொடுத்தபோது 116 ஆக இறங்கிவிட்டது!

கிழங்கு ஒன்றுதான். சமைத்த விதம் வேறு. தண்ணீரும் நாரும் புரதமும் உள்ள உணவு வயிற்றில் இடம் பிடித்து நெடுநேரம் நிற்கும். எண்ணெயும் சீனியும் மாவும் சேர்ந்த உணவு சிறிய இடத்தில் நிறையக் கலோரியை அடக்கிக்கொண்டு விரைவில் பசிக்க வைக்கும். எனவே சமைப்பவரின் கையில்தான் பெரும் பகுதி இருக்கிறது.

எண்ணெய், தேங்காய், சீனி

ஒரு மேசைக்கரண்டி தேங்காயெண்ணெயில் 120 கலோரி உண்டு. நான்கு பேர் உள்ள வீட்டில் 750 மில்லிலீற்றர் போத்தல் ஒரு வாரத்தில் முடிந்தால், ஒருவருக்கு நாளொன்றுக்கு 200 கலோரிக்கு மேல் எண்ணெயிலிருந்தே போகிறது. அதே போத்தலை இரண்டு வாரத்துக்கு வைத்துக்கொள்ளப் பழகுங்கள். போத்தலைத் தாச்சிக்குமேல் சரிக்காமல் கரண்டியால் அளந்து விடுங்கள். வெங்காயத்தை ஒரு தேக்கரண்டி எண்ணெயில் வதக்கத் தொடங்கி, அடிப்பிடிக்கும்போது இன்னும் எண்ணெய் விடாமல் சிறிது தண்ணீர் தெளியுங்கள்.

கத்தரிக்காயைப் பொரித்தால் அது பஞ்சுபோல எண்ணெயைக் குடிக்கும். அதையே நெருப்பில் சுட்டுத் தோலை உரித்து, சின்னவெங்காயமும் பச்சைமிளகாயும் அரிந்து போட்டு, உப்பும் தேசிக்காய்ப் புளியும் விட்டுப் பிசைந்தால் கத்தரிக்காய்ச் சம்பல். எண்ணெய் ஒரு துளியும் வேண்டாம்.

100 கிராம் தேங்காய்ப்பூவில் 350 கலோரி உண்டு. தேங்காயை முற்றாக விடச் சொல்லவில்லை. வறைக்கு ஒரு பிடி போதும். சொதிக்கு முதற்பாலை விட்டு இரண்டாம் பாலை மட்டும் சேருங்கள். மீனைப் பாலில்லாமல் புளிக்குழம்பாக வையுங்கள்.

அடுத்தது தேநீர். கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி சீனி, நாளுக்கு ஆறு கோப்பை என்றால் 240 கலோரி. இது வயிற்றில் சற்றும் நிற்காது. முதலில் ஒரு கரண்டியாகவும், பின்னர் அரைக் கரண்டியாகவும் குறைத்தால் நாக்கு பழகிவிடும்.

சோற்றை என்ன செய்வது?

சோறு எங்கள் உயிர். அதை விலக்க வேண்டியதில்லை. மதியத்துக்கு ஆளுக்கு அரைச் சுண்டு அரிசி என்று அளந்து போடுங்கள். கூடியவரை தவிடு நீக்காத சிவப்பரிசியை வாங்குங்கள். தட்டில் பாதியை மரக்கறியும் கீரையும் பிடிக்கட்டும். கால் பங்கு மீன், முட்டை, பருப்பு அல்லது பயறு. மிகுதிக் கால் பங்கு சோறு. முதலில் சோற்றைக் குவித்துவிட்டுக் கறியை ஓரத்தில் தொட்டுக்கொள்ளும் எங்கள் வழக்கத்தைத் திருப்பிப் போடுங்கள். கறியை முதலில் போட்டுவிட்டு, மிஞ்சிய இடத்தில் சோற்றை வையுங்கள்.

கொழும்பிலேயே நடந்த ஓர் ஆராய்ச்சியையும் இங்கே சொல்ல வேண்டும். இரசாயன விஞ்ஞானக் கல்லூரியின் மாணவர் சுதைர் ஜேம்ஸ், தம் ஆசிரியர் கலாநிதி புஷ்பராஜா தவராஜாவின் வழிகாட்டலில், இலங்கையின் 38 வகை அரிசிகளைக் கொண்டு சமையல் முறைகளைச் சோதித்தார். 2015 மார்ச்சில் அமெரிக்க இரசாயனச் சங்கத்தின் கூட்டத்தில் முடிவுகளை வெளியிட்டார். கொதிநீரில் அரிசியின் நிறையில் 3 வீத அளவு தேங்காயெண்ணெய் விட்டுச் சமைத்து, குளிர்சாதனப் பெட்டியில் 12 மணி நேரம் வைத்தால், மாச்சத்தின் ஒரு பகுதி எளிதில் செரிக்காத வடிவத்துக்கு மாறுகிறது. செரிக்காத பகுதியிலிருந்து உடலுக்குக் குறைந்த சக்தியே கிடைக்கிறது. மீண்டும் சூடாக்கினாலும் இந்த மாற்றம் கெடுவதில்லை.

சோற்றின் கலோரி பாதியாகிவிடும் என்று அப்போது செய்திகள் பரவின. மிகச் சிறந்த அரிசி இனத்தில் அப்படி நேரலாம் என்ற எதிர்பார்ப்பே அது. அடுத்து மனிதரிடம் சோதிக்க வேண்டும் என்றும் அவர்கள் கூறினர். ஆகவே இதை நம்பி இரட்டிப்பாகச் சாப்பிட வேண்டாம்.

இதைப் படிக்கும்போது எங்கள் பழஞ்சோறு நினைவுக்கு வரும். ஆனால் ஒரு எச்சரிக்கை. கொழும்பின் வெக்கையில், காற்றோட்டமில்லாத அறையில் வெளியே வைத்த சோற்றில் நோய்க்கிருமிகள் பெருகும். மிஞ்சிய சோற்றை ஆறியவுடன் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, மறுநாள் நன்றாகச் சூடாக்கி உண்ணுங்கள். பெட்டி இல்லாதவர்கள் அளவாகச் சமைப்பதே மேல்.

ஒரு நாள் சாப்பாடு

காலை: வல்லாரை அல்லது முருங்கையிலை சேர்த்த இலைக்கஞ்சி ஒரு பெரிய கோப்பை. ஒரு பிடி அவித்த பயறு அல்லது கடலை.

மதியம்: அரைச் சுண்டு அரிசிச் சோறு, கீரை வறை, பூசணி அல்லது பாகற்காய்க் கறி, மீன் புளிக்குழம்பு, வெள்ளரிக்காய்ச் சம்பல்.

மாலை: சீனி குறைத்த தேநீர், ஒரு கொய்யாப்பழம். றோல்சும் வடையும் வேண்டாம்.

இரவு: குரக்கன் ரொட்டி இரண்டு, கத்தரிக்காய்ச் சம்பல், இரண்டாம் பாற்சொதி.

வாரத்தில் ஒருநாள் ஒடியற் கூழ் காய்ச்சுங்கள். ஒடியல் மாவைத் தண்ணீரில் ஊறவிட்டுத் தெளிந்த நீரை வடித்துவிட வேண்டும். பயிற்றங்காய், பலாக்கொட்டை, கீரை, மீன், இறால் எல்லாவற்றையும் ஒரே பானையில் நிறையத் தண்ணீரில் அவித்து, புளியும் அரைத்த செத்தல்மிளகாயும் மாவும் கரைத்துவிட்டால் போதும். தேங்காய்ப்பாலோ பொரித்த எண்ணெயோ இல்லை. ஒரே அடுப்புள்ள அறைக்கு இதைவிடத் தோதான சாப்பாடு எது? வயிறு நிறையக் குடிக்கலாம். குடும்பம் சுற்றியிருந்து குடிக்கும்போது ஊரும் நினைவுக்கு வரும்.

செலவு கூடுமே என்று கேட்பீர்கள். 2022 ஆம் ஆண்டு விலையேற்றத்தின்போது பல வீடுகளில் முதலில் நின்றது மரக்கறியும் மீனும்தான். சோறும் பாணும் மட்டும் மிஞ்சின. ஆனால் எண்ணெய், தேங்காய், சீனி, கடைச் சாப்பாடு ஆகியவற்றில் குறைத்த காசு கீரைக்கும் பயறுக்கும் உதவும். பழைய வாளி ஒன்றில் மண் நிரப்பிப் பொன்னாங்காணித் தண்டை நட்டால் படிக்கட்டிலேயே கீரை வளரும். விவசாயக் குடும்பத்துக்கு இதைக் கற்றுத்தர வேண்டியதில்லை.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் வளரும் பிள்ளைகளும் மெலிந்த முதியவர்களும் நிறையைக் குறைக்க முயலக்கூடாது. நீரிழிவுக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள், சாப்பாட்டை மாற்றுமுன் கிளினிக்கில் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் சீனி திடீரென இறங்கி மயக்கம் வரலாம்.

மற்றவர்கள் கிழமைக்கு அரைக் கிலோ குறைந்தாலே போதும் என்று பொறுமையாக இருங்கள். அமெரிக்காவில் நீரிழிவு வரும் நிலையில் இருந்தவர்களிடம் நடந்த ஒரு பெரிய ஆய்வு 2002 இல் வெளியானது. உடல் நிறையில் 7 வீதத்தைக் குறைப்பது, வாரத்தில் 150 நிமிடம் நடப்பது என்ற இலக்குகளோடு முயன்றவர்களிடம் நோய் வருவது 58 வீதத்தால் குறைந்தது. 70 கிலோ நிறையுள்ளவருக்கு 7 வீதம் என்பது ஐந்து கிலோதான். கொட்டாஞ்சேனைச் சந்தைக்கு முச்சக்கரவண்டியில் போகாமல் நடந்து போய் வருவதும் இந்த 150 நிமிடத்தில் சேரும்.

வலிகாமம் வடக்கில் 1990 இல் இழந்த காணிகளில் ஒரு பகுதி 2009 க்குப் பின் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டது. காணி கிடைத்தும் முழங்கால் நோவாலும் நீரிழிவுப் புண்ணாலும் குனிந்து ஒரு பாத்தி கட்ட முடியாமற் போனால் அது எவ்வளவு பெரிய இழப்பு! திரும்பிப் போகிறவர்களுக்கும், இங்கேயே பிள்ளைகளோடு வாழப்போகிறவர்களுக்கும் உழைக்கக்கூடிய உடல் வேண்டும். நாளைக்கு அரிசி அளக்கும்போது, வயல் வேலைக்கு அளந்த அந்தப் பழைய கணக்கைச் சற்று நிறுத்தி யோசியுங்கள். ஒரு பிடி அரிசியைக் குறைத்து, ஒரு பிடி கீரையைக் கூட்டுங்கள். அங்கிருந்து தொடங்கலாம்.