நந்தி வேஷம் யாருக்கு?

போன வாரம் பள்ளி ஆண்டு விழா நாடகத்தோடு நிறுத்தியிருந்தேன். ஒட்டுமீசை நழுவ நழுவ ஒரு குட்டிப் பாரதியார். திரைக்குப் பின்னாலிருந்து டீச்சர் எடுத்துக்கொடுக்க, அதை அப்படியே மைக்கில் ஒப்பிக்கிறான். அப்பா செல்போனில் படம் பிடிக்கிறார். இதற்குப் பெயர் நாடகம் என்றால், வாய்ப்பாடும் நாடகம்தான்.

இந்த மனப்பாடம் எங்கிருந்து வந்தது? எனக்குத் தோன்றுவது, சிறுவர்களே நடித்த பாய்ஸ் கம்பெனி நாடகக் குழுக்களிலிருந்து. சங்கரதாஸ் சுவாமிகளின் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை 1918-இல் மதுரையில் தொடங்கியபோது, தி.க. சண்முகம் அதில் ஆறு வயதுப் பையனாகச் சேர்ந்தார். பாட்டும் வசனமும் நெட்டுருவாக வேண்டும், கண்டிப்புக்குக் குறைவில்லை. ஆனால் அது பிழைப்பு. கற்ற பிள்ளை ஊர் ஊராக மேடையேறினான். நாம் அந்த நெட்டுருவை மட்டும் எடுத்துக்கொண்டு, மேடையை வருஷத்துக்கு ஐந்து நிமிஷமாகச் சுருக்கிவிட்டோம். இப்போது அரசுப் பள்ளிகளின் கலைத் திருவிழா தொடக்க வகுப்புகளுக்கும் வந்திருக்கிறது. நல்லதுதான். போட்டி, பரிசு என்று ஆனதும் டீச்சர் மறுபடி திரைக்குப் பின்னால் போய்விடுவாரோ என்றுதான் பயம்.

மேட்டூர்க்காரர்கள் இந்த ஒப்பித்தலுக்கு மாற்றுத் தேடி வெகுதூரம் போக வேண்டாம். மேட்டூர் வட்டத்து ஏர்வாடியில் இருந்துகொண்டுதான் மு. ஹரிகிருஷ்ணன் ‘மணல்வீடு’ சிற்றிதழை நடத்துகிறார். கூத்து, பொம்மலாட்டக் கலைஞர்களுக்காகக் ‘களரி’ அமைப்பையும் நடத்துகிறார். இந்தப் பக்கத்துக் கூத்தை ஒரு ராத்திரி உட்கார்ந்து பாருங்கள். பாட்டு கட்டுக்குள் நிற்கும்; பேச்சு அப்படியில்லை. கதை எல்லோருக்கும் தெரியும், அடுத்து என்ன பேசுவார்கள் என்பது தெரியாது. கோமாளி ராஜாவையே குறுக்கே மடக்கிக் கேள்வி கேட்பான், முன்னால் உட்கார்ந்திருப்பவரையும் வம்புக்கு இழுப்பான். ஏழு வயதுப் பிள்ளை விளையாடுவதும் ஏறக்குறைய இப்படித்தானே? புதுச்சேரி ‘ஆழி’ சிறுவர் நாடகக் குழுவின் வேலு சரவணன் ‘கடல் பூதம்’ நாடகம் போடும்போது எதிரே இருக்கும் பிள்ளைகள் சும்மா பார்த்துக்கொண்டிருப்பதில்லை. அவர்களும் ஆட்டத்துக்குள் வந்துவிடுகிறார்கள்.

ஆகவே மேட்டூர் வகுப்பறைக்கு என் யோசனை இது. புத்தகத்தை மூடுங்கள். பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளுங்கள். பதினாறு பிள்ளைகள் கைகோத்து வரிசையாக நிற்கட்டும். அதுதான் நம் மேட்டூர் அணையின் பதினாறு கண் மதகு. மற்றவர்கள் தண்ணீர். ஒரு பிள்ளை நீர்மட்டத்தைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே வரட்டும்: நூறு, நூற்றுப் பத்து... நூற்றிருபது அடி தொட்டதும் கைகள் விடுபட வேண்டும். ஜூன் 12-ஆம் தேதி டெல்டாவுக்குத் திறக்கிற தண்ணீர் இந்த வழியாகப் போவதில்லை, இது உபரிநீர் போகிற வழி என்று எவனாவது ஒருவன் நிச்சயம் சண்டைக்கு வருவான். வரட்டும், அவனையே இன்ஜினீயர் ஆக்குங்கள். கரையில் விவசாயி வேண்டும், மீன்காரம்மா வேண்டும், வெள்ளத்துக்குப் பயந்து சாமான் மூட்டை கட்டுகிற பாட்டி வேண்டும். வசனம் எழுதித் தராதீர்கள். பாட்டி என்ன பேசுவாள் என்பது அவர்களுக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும்.

அரை மணி நேரம் போதும். பார்க்க யாரையும் கூப்பிடாதீர்கள், தலைமையாசிரியரைக்கூட. ஆள் வந்து உட்கார்ந்த நிமிஷமே பிள்ளைகள் நேராக நிமிர்ந்து ஒப்பிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

எந்த வகுப்பிலும் ஒரு பிள்ளை ‘நான் வல்ல டீச்சர்’ என்று மூலையில் ஒட்டிக்கொள்ளும். கையைப் பிடித்து இழுக்காதீர்கள். அதற்கு ஒரு வேஷம் இருக்கிறது. 1934-இல் அணை கட்டி முடிந்து நீர் நிரம்பியபோது ஊர்கள் மூழ்கின. பண்ணவாடிப் பக்கம் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் முங்கியது. நீர் வற்றினால் அதன் தலை தெரியும். பழைய கிறிஸ்தவ ஆலயத்தின் கோபுரமும் எட்டிப்பார்க்கும். சனம் வேடிக்கை பார்க்கக் கூடும். அந்தப் பிள்ளைதான் நந்தி. பேச வேண்டாம், அசைய வேண்டாம். தண்ணீர்ப் பிள்ளைகள் சுற்றி வந்து மூடுவார்கள், பிறகு மெல்ல விலகுவார்கள். கரையிலிருந்து ஒருத்தி வந்து, ‘இத்தன வருசமா உள்ளாற என்ன பண்ணுன?’ என்று கேட்கட்டும்.

பதில் வராமல் போகலாம். நந்திதானே, பரவாயில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை திரும்பவும் தண்ணீரை வற்றவிடுங்கள்.

(தொடரும்)